நண்பரை இழந்தவருக்கும் ஓர் இடம் வேண்டும்



நம் நாளிதழ்களில் வரும் மரண அறிவிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். கடைசியில் 'மற்றும் உற்றார் உறவினர், நண்பர்கள்' என்று முடியும். நண்பர்களுக்குப் பெயர் இருக்காது.

இறப்பு வீட்டிலும் அப்படித்தான். கூடாரத்துக்குச் சொல்வது, நாற்காலி இறக்குவது, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் நண்பர்கள்தாம். வாய்க்கரிசி, நெய்ப்பந்தம் என்று சடங்குகள் தொடங்கியதும் உறவினர்கள் முன்னே வருவார்கள். நண்பர் ஓரமாக நிற்பார். மறுநாள் அவர் வேலைக்குப் போயாக வேண்டும். நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் துக்க விடுப்பு என்று தனியாக ஒன்று இல்லை. நிறுவனங்கள் தாமாகவே கொடுத்தாலும், அது பெரும்பாலும் நெருங்கிய குடும்பத்தாரோடு நின்றுவிடுகிறது.

அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989-இல் இதைப் பற்றி ஒரு நூலே கொண்டுவந்தார். 'அங்கீகாரம் கிடைக்காத துயரம்' என்பது அவர் கருத்தின் சாரம். துக்கம் உண்டு, ஆனால் துக்கப்பட இவருக்கு உரிமை உண்டு என்று சுற்றியிருப்பவர்கள் நினைப்பதில்லை.

புற்றுநோயில் இந்தத் துயரம் இன்னும் நீளமானது. கீமோதெரபிக்குக் காரில் அழைத்துச் சென்றவர், வாய்ப்புண்ணோடு இருப்பவருக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தவர், தலைமுடி கொட்டியதைப் பார்த்தும் பார்க்காததுபோல் சிரிக்கப் பேசியவர், இவர்களுக்கெல்லாம் இழப்பு பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. குடும்பத்தார் முன் அழவும் முடியாது. நண்பர் தம் வயதுக்காரர் என்றால், 'நாளை எனக்கும் வருமோ' என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். அதை வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பயம் இருந்தால் மருத்துவரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

'எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும்' என்பார்கள். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளையும் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். டாக்டர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-இல் எழுதியவை அவை. மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசித்தான் அவர் அவற்றைக் கண்டறிந்தார். பிரிவில் வாடுபவர் அவற்றை மாடிப்படிபோல் ஒவ்வொன்றாக ஏற வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒரு மாதம் நன்றாக இருந்துவிட்டு, தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லக் கைப்பேசியை எடுக்கும்போது அழுகை வந்தால் அது இயல்புதான்.

நம் இலக்கியத்தில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, பாண்டிய நாட்டிலிருந்த பிசிராந்தையாருக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். இருவரும் அதுவரை நேரில் பார்த்ததில்லை. சொன்னபடியே பிசிராந்தையார் வந்தார். அவரும் உயிர்விட்டார் என்பதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. நண்பருக்கு இடம் ஒதுக்கினார்களே, அதைப் பின்பற்றலாம்.

எப்படி? இறப்பு வீட்டில் நண்பரையும் ஒருமுறை முன்னால் அழையுங்கள். பதினாறாம் நாளில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள். 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' என்று அவரையும் கேளுங்கள்.

நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். என் பள்ளித் தோழி மார்பகப் புற்றுநோயால் இறந்தபோது அவள் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் நோயாளி அம்மாதான். தோட்டத்துச் செம்மண் சாலையில் அண்ணனின் சைக்கிளைத் திருட்டுத்தனமாக ஓட்டிக் கால்வாயில் விழுந்த அம்மாவை அவளுக்கு யார் காட்டுவது? தாத்தா பாட்டிக்கே தெரியாத கதை அது. நான் சொன்னேன். "இன்னும் சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள். இப்போது மாதம் ஒருமுறை போகிறேன். சொல்லும்போது எனக்கும் நெஞ்சு லேசாகிறது. உங்களிடமும் இப்படிக் கதைகள் இருக்கும். எழுதியாவது அந்தக் குடும்பத்திடம் கொடுங்கள்.

பல மாதங்கள் ஆகியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வதில் பிடிப்பில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பேச ஆள் இல்லாதவர்கள் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பை அழைக்கலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும், அண்மையில் நண்பரை இழந்த ஒருவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.