அன்பு இதயத்தின் பாதை



உழைத்து ஓய்ந்த காலத்திலே குளிர்நாட்டை விட்டு, வெயிலும் இன்முகமும் உள்ள வெப்பநாடொன்றிலே குடியேற விரும்புவோர் மேலைநாடுகளில் இன்று பலர். அவர்களை வரவேற்கவென்றே சட்டம் இயற்றிய நாடுகளும் உள. மத்திய அமெரிக்காவிலுள்ள கொஸ்ராறிக்கா 1971ஆம் ஆண்டிலேயே அத்தகைய சட்டமொன்றைக் கொண்டுவந்தது. மாதம் 1000 அமெரிக்க டொலர் ஓய்வூதியம் பெறுபவர் இன்று அங்கு வதிவிட உரிமை கோரலாம். ஆயினும், வந்தவர் அந்நாட்டு மக்களோடு எவ்வாறு வாழவேண்டும் என்பதை எந்தச் சட்டமும் வகுத்துவிட முடியாது. அதனை அறிய ஓர் எழுத்தாளரின் வாழ்க்கை நமக்கு உதவுகிறது.

‘புதையல் தீவு’ நாவலைத் தந்த றொபேட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1850இல் எடின்பரோ நகரிலே பிறந்தவர். இளமை முதலே சுவாசப்பை நோயால் வருந்தியவர். ஸ்கொட்லாந்தின் குளிர் அவருக்கு எமனாயிற்று. உடல்நலம் நாடிப் பசுபிக் கடலிலே பயணஞ்செய்தவர் 1889 டிசெம்பரிலே சமோவாத் தீவை அடைந்தார். வெயில் உடலுக்கு இதமளித்தது. வைலிமா என்ற இடத்திலே முந்நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட காணியை வாங்கி வீடு கட்டினார். கதைசொல்லி என்ற பொருளில் ‘துசித்தாலா’ என்று மக்கள் அவரை அழைத்தனர்.

அப்போது ஜேர்மனி, பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய மூன்று வல்லரசுகளும் சமோவாவிலே ஆதிக்கப் போட்டி நடத்திக்கொண்டிருந்தன. நோயாளியான ஸ்டீவன்சன், நமக்கேன் வம்பு என்று தம் வீட்டோடு இருந்திருக்கலாம். அவர் அவ்வாறிருக்கவில்லை. வல்லரசுகளின் அதிகாரிகளைக் கண்டித்து இலண்டன் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். 1892இல் அத்தீவின் துயர வரலாற்றை ஒரு நூலாகவே வெளியிட்டார். 1893இல் மத்தாஃபா என்ற தலைவர் போரிலே தோற்று நாடுகடத்தப்பட்டார். அவரைச் சார்ந்த சிற்றரசர்கள் சிறையிலிடப்பட்டனர். ஸ்டீவன்சன் சிறைக்குச் சென்று அவர்களைப் பார்த்தார். வேண்டிய உதவிகள் செய்தார்.

1894இல் விடுதலை பெற்ற அச்சிற்றரசர்கள் செய்ததென்ன? கூலி வாங்காது, தம் கைகளாலேயே வைலிமாவுக்கு ஒரு பாதை அமைத்தனர். ‘அன்பு இதயத்தின் பாதை’ என்று அதற்குப் பெயரும் இட்டனர்.

இத்தனை அன்பிருந்தும் பிறந்த மண்ணை அவரால் மறக்க முடியவில்லை. அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற இறுதி நாவல் ஸ்கொட்லாந்தையே களமாகக் கொண்டது. வெப்பநாடு உடலுக்கு இதம் தரலாம். ஊர் நினைவுக்கு மருந்து தருவதில்லை. அயல்நாட்டிலே முதுமையைக் கழிக்க எண்ணுவோர் இதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

1894 டிசெம்பர் 3ஆம் திகதி, தமது நாற்பத்துநான்காம் வயதிலே, மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் அவர் காலமானார். சமோவா மக்கள் காட்டை வெட்டி வழிசெய்து, அவருடலை வயேயா மலையுச்சிக்குச் சுமந்துசென்று அடக்கம் செய்தனர்.

விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னது வீட்டாருக்கு, பின்னது விருந்தினருக்கும் உரியது. இடந்தந்த மக்களின் இன்பத்தை மட்டுமன்றி அவர்களின் துன்பத்தையும் பகிர்ந்துகொண்டவர் ஸ்டீவன்சன். அதனாலேதான் காணியை விலைகொடுத்து வாங்கியவருக்குப் பாதை விலையின்றிக் கிடைத்தது.