பெயர் சரியா, பாதை சரியா?



நிரலை ஓட்டிப் பார்க்காமல், படித்து மட்டுமே பிழை சொல்லும் மென்பொருளுக்கு லின்டர் என்று பெயர். 1978-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்கு எழுதிய 'லின்ட்' இவற்றுக்கெல்லாம் முன்னோடி. ஜாவாஸ்கிரிப்ட் உலகில் இன்று பெருவழக்காக இருப்பது, 2013-ல் நிக்கோலஸ் ஸாகாஸ் தொடங்கிய ஈ.எஸ்.லின்ட். அதோடு சேர்த்துக்கொள்ளும் இம்போர்ட் பிளகின் எவ்வளவு பயன் தரும் என்பதே இன்றைய பேச்சு.

ஈ.எஸ்.லின்ட் தன்னளவில் ஒரு நேரத்தில் ஒரு ஃபைலைத்தான் பார்க்கும். 2015-ல் மாட்யூல்கள் ஜாவாஸ்கிரிப்ட்டின் இலக்கணத்திலேயே இடம்பெற்றபின், ஒரு ஃபைல் இன்னொன்றிடம் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவது, அதாவது இம்போர்ட் செய்வது, வழக்கமாயிற்று. கொடுக்கும் ஃபைலில் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றிவிட்டு, வாங்கும் ஃபைலில் பழைய பெயரை விட்டுவிட்டால்? இரண்டையும் தனித்தனியே படித்தால் குற்றமே தெரியாது. இம்போர்ட் பிளகின் அந்த அடுத்த ஃபைலையும் திறந்து பார்த்து, கேட்ட பெயர் அங்கே உண்டா என்று சொல்கிறது. அதன் தனிச்சிறப்பு இதுதான்.

பெயரை மட்டுமல்ல, பாதையையும் அது பார்க்கும். ஓர் உதாரணம். ஃபைலின் பெயர் 'ஹெடர்', முதல் எழுத்து கேப்பிடல். இம்போர்ட் வரியில் அதே பெயரைச் சின்ன எழுத்தில் அடித்திருக்கிறோம். விண்டோஸிலும் மேக்கிலும் பொதுவாக இந்த வேறுபாடு பொருட்படுத்தப்படாது. நிரல் ஜோராக ஓடும். லினக்ஸ் சர்வருக்குப் போனதும் 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்று நின்றுவிடும். 'நோ அன்ரிசால்வ்டு' என்ற விதி இதை நம் எடிட்டரிலேயே சிவப்புக் கோடிட்டுக் காட்டிவிடும்.

இன்னொன்று, புராஜெக்டுக்குத் தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் பேக்கேஜ்.ஜேசனில் எழுதாத பேக்கேஜைப் பயன்படுத்துவது. வேறொரு பேக்கேஜ் தன் தேவைக்காக அதை இழுத்து வந்திருப்பதால் நம் கணினியில் வேலை செய்யும். அந்தப் பேக்கேஜ் ஒருநாள் அதைக் கைவிட்டால் நம் நிரல் படுத்துவிடும். இதற்கும் விதி உண்டு. ஆனால் டெவ் டிபென்டென்சிகளை, அதாவது உருவாக்கும்போது மட்டும் தேவைப்படும் பேக்கேஜ்களை, அது இயல்பாகவே எங்கும் அனுமதிக்கும். டெஸ்ட் ஃபைல்களுக்கு மட்டும் விலக்கு தந்து, மற்ற இடங்களில் நாம்தான் அந்த அனுமதியை மூடவேண்டும்.

சரி, குறைகள்? முதல் தொல்லை ரிசால்வர். சுருக்குப் பாதைகளோ டைப்ஸ்கிரிப்டோ இருக்கும் புராஜெக்டில், பாதையைக் கண்டுபிடிக்கும் முறையைப் பிளகினுக்குத் தனியே சொல்லித்தரவேண்டும். சொல்லாவிட்டால் நல்ல வரிகளையும் பிழை என்று காட்டும். புலி வருது கதைதான். நாலு நாள் பார்த்துவிட்டு டீமில் யாராவது விதியையே அணைத்துவிடுவார்கள். ஆகவே முதலில் ரிசால்வர், பிறகுதான் விதிகள். டைப்ஸ்கிரிப்ட் புராஜெக்டில் பெயர்ச் சரிபார்ப்பை அதன் கம்பைலரே செய்துவிடும். அந்த விதிகளை அணைத்துவிடலாம்.

இரண்டாவது, வேகம். ஒன்றையொன்று சுற்றி இம்போர்ட் செய்யும் ஃபைல்களைப் பிடிக்கும் 'நோ சைக்கிள்' அருமையான விதி. அத்தகைய சுழல்களில் சில நேரம் மதிப்பு கிடைப்பதற்கு முன்பே அதைத் தொட்டுவிட்டு நிரல் விழும். காரணம் தேடினால் எளிதில் அகப்படாது. ஆனால் சங்கிலி முழுவதையும் தொடர்ந்து போவதால், பெரிய புராஜெக்டில் லின்ட் இழுத்துக்கொண்டே போகும். ஆழத்துக்கு வரம்பு வைக்கலாம். அல்லது நிரல் சர்வருக்குப் போகுமுன் நடக்கும் தானியங்கிச் சோதனையில் மட்டும் ஓடவிடலாம்.

இம்போர்ட் வரிகளை வரிசைப்படுத்தும் 'ஆர்டர்' விதி ரசனை சார்ந்தது. அதைத் தானே திருத்த விட்டுவிடுங்கள். அதற்காக ஒருவர் வேலையைத் தடுத்து நிறுத்துவது நியாயமல்ல.

என் மதிப்பீடு இது: இந்தப் பிளகின் வைத்துக்கொள்ளத் தகுந்தது, எல்லா விதிகளையும் ஏற்றினால் சுமை. பாதை, பெயர், பேக்கேஜ் ஆகிய மூன்றையும் (டைப்ஸ்கிரிப்டில் பெயர் நீங்கலாக) பிழையாக வையுங்கள். மற்றதை உங்கள் டீம் கூடிப் பேசி, தேவை என்று கண்டால் சேர்த்துக்கொள்ளுங்கள்.