யாருக்கு எவ்வளவு?



ஜூபிலி மேடையில் அரசியல் தத்துவமா என்று உங்களில் சிலர் நெற்றி சுருக்குவது நமக்குத் தெரிகிறது. கட்சி அரசியல் அன்று, அஞ்ச வேண்டாம். ஒரு நாட்டின் செல்வமும் பதவியும் எவ்வாறு பங்கிடப்பட்டால் அது நீதி என்பதே நம் பொருள்.

குருமடத்தில் நாம் அரிஸ்டாட்டிலையும் புனித தோமா அக்குவினாரையும் ஆழமாகக் கற்றோம். இக்காலத்தாரைப் பற்றிப் பிற்பாடுதான் படித்தோம். அவர்களுள் முதல்வர் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ரால்ஸ். 1971-ல் வெளிவந்த தமது 'நீதிக் கோட்பாடு' நூலில் அவர் கேட்டது இது: ஏழையாகப் பிறப்போமா, செல்வராகவா, கூரிய அறிவுடனா, நோயுற்ற உடலுடனா என்று ஏதும் அறியாமல் ஒரு திரைக்குப் பின்னால் நின்று, நாம் வாழப்போகும் நாட்டின் விதிகளை நாமே வகுக்க நேர்ந்தால் எப்படி வகுப்போம்? முதலாளிக்கே சலுகையெல்லாம் எழுதிவிட்டு, திரை விலகியதும் கூலியாளாக நிற்க யார் துணிவார்? ஆகவே அனைவருக்கும் சமமான அடிப்படைச் சுதந்திரம் முதலில் வேண்டும். வாய்ப்பில் நியாயமான சமத்துவம் வேண்டும். ஏற்றத்தாழ்வு இருந்தால் அது கடைக்கோடியில் உள்ளவனுக்கே மிகுந்த நன்மை தரவேண்டும் என்றார்.

ரால்ஸ் சிறுவனாயிருந்தபோது அவருக்கு வந்த நோய்கள் தொற்றி, தம்பியர் இருவர் 1928-லும் 1929-லும் அடுத்தடுத்து இறந்தனர். அவர் பிழைத்தார். பிழைத்தது தம் தகுதியால் அன்று என்பதை அவருக்கு எவரும் போதித்திருக்க வேண்டியதில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

அதே ஹார்வர்டிலிருந்து ராபர்ட் நோஸிக் 1974-ல் மறுப்பு எழுதினார். ஒரு பந்தாட்ட வீரரைக் காணப் பத்து லட்சம் பேர் மனமுவந்து ஆளுக்குக் கால் டாலர் கொடுத்தால் அவரிடம் இரண்டரை லட்சம் டாலர் சேர்கிறது. அவர் யாரையும் ஏமாற்றவில்லையே, அதில் கைவைக்க அரசு யார் என்றார். தலையாட்டத் தோன்றும் வாதந்தான். ஆனால் அந்தக் கால் டாலரும் இல்லாதவன் வீட்டுப் பிள்ளை எங்கிருந்து தொடங்குவது? இதற்கு அவர் தரும் பதில் நமக்குப் போதவில்லை.

அமர்த்தியா சென் 2009-ல் எழுதிய நூலில் மூன்று குழந்தைகள் ஒரு புல்லாங்குழலுக்கு வழக்காடுகிறார்கள். ஒருத்திக்கு மட்டுமே வாசிக்கத் தெரியும். ஒருவனுக்கு விளையாட வேறு பொருளே இல்லை. மற்றொருத்தி அதைத் தன் கையால் செய்தவள். குழல் யாருக்கு? இதை நம் இளைஞர் கூட்டத்தில் கேட்டோம். செய்தவளுக்கே என்று ஒரு தம்பி சட்டென்று கை தூக்கினார். "மூங்கில் யாருடையது, சாமி?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டதும் அந்தக் கை மெல்ல இறங்கிவிட்டது.