விங் சுன்: கண்ணுக்கு முன்னாடி கைக்குத் தெரியணும்

கை எட்டுற தூரத்துல ஒருத்தர் குத்த வந்தா, பார்த்து யோசிச்சுத் தடுக்க நேரம் இருக்காது. தென் சீனக் கலையான விங் சுன் இதுக்குச் சொல்ற பதில்: தொடு உணர்வு. ஹாங்காங்கில் 1950-லிருந்து இப் மேன் இதைச் சொல்லிக்கொடுத்தார். புரூஸ் லீ அவர்கிட்ட கத்துக்கிட்டவர்தான்.

முதல் பாடம் சியு நிம் தாவ். நின்ன இடத்துலயே நின்னு, உடம்போட நடுக்கோட்டைக் காக்கக் கையைப் பழக்கணும்.

அப்புறம் சி சாவ். ரெண்டு பேர் முன்கைகளை ஒட்டவெச்சு உருட்டுவாங்க. எதிராளி அழுத்தினா மல்லுக்கட்டாம திசை திருப்பணும். அவர் கை விலகினா, அந்த இடைவெளியில நேரா ஒரு குத்து. தோள் இறுகிட்டா எதுவும் உணர முடியாது.

ஆனா சி சாவ் பயிற்சிதான், சண்டை இல்லை. தெருவுல யாரும் கையை ஒட்டவெச்சு ஆரம்பிக்க மாட்டாங்க. அந்த இடைவெளியைக் கடக்கத் தனியாப் பழகணும். அதனால வகுப்புல சேரும்போது, "ஸ்பாரிங் உண்டா?"ன்னு கேளுங்க.