தேவனாம்பட்டினத்துப் பழைய கடற்காவல் கோட்டை

(சங்கராபுரத்தில் நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வராயன் மலையடிவாரத்தில் வாழும் நமக்குக் கடற்காவலைப்பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் ஐயுறலாம். நம் மலையிற் பிறக்கும் மணிமுத்தாறு விருத்தாசலத்தைத் தொட்டு, வெள்ளாற்றிற் கலந்து, பரங்கிப்பேட்டையருகே கடல் சேர்கின்றது. ஜில்லாப் பிரிவினை நேர்ந்த 1993-ஆம் ஆண்டுவரை நம் முன்னோர் பட்டா வழக்கென்றும் மனுவென்றும் கடலூருக்கே நடந்தனர். ஆதலின் அக்கரையின் சரித்திரம் நமக்கும் உரியதே.

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், கெடிலநதி கடலோடு கலக்குமிடத்தருகே, செயின்ட் டேவிட் கோட்டையின் சிதைவுகள் உள்ளன. வர்த்தகர் ஒருவர் கட்டிய சிறு கோட்டை அது என்பர். 1690-இல் செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டியரிடம், சென்னைக் கவர்னர் எலிஹு யேல் கம்பெனிக்காக அதனை விலைக்கு வாங்கினார். எல்லையை அளந்த விதமே விந்தை. பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கே என வைத்தனர். குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகின்றது. விற்றவர் அரசர், வாங்கியவர் வர்த்தகர், உழுது வாழ்ந்த குடிகளை ஒருவரும் கேட்டிலர்! அன்பர்களே, இதனை மறவாதிருப்போமாக.

1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமாகவே, 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்கு இக்கோட்டையே தலைமையிடமாயிற்று. கடலில் தோன்றும் பாய்மரம் நண்பருடையதோ பகைவருடையதோ என்று இரவு பகலாய் நோக்கியிருந்தனர். அத்துணைக் காவலிருந்தும், 1758-இல் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி அதனைப் பிடித்து அரண்களைத் தகர்த்தான்.

அக்காவல் யாருக்காக? துணிமூட்டைக்கும் கம்பெனியின் இலாபத்திற்குமேயன்றிக் கரைவாழ் குடிகளுக்காக அன்று. சுதந்தர இந்தியாவிலோ 1978-இல் இயற்றிய சட்டத்தின் வழி நிலைபெற்ற இந்தியக் கடலோரக் காவற்படைக்கு, கடலில் ஆபத்துற்ற மீனவரைக் காப்பதும் ஒரு கடமையாக விதிக்கப்பட்டுள்ளது. காவலின் பொருளே மாறியது காண்க. எனினும் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, முன்னெச்சரிக்கை செய்வாரின்றி அதே தேவனாம்பட்டினத்தில் எத்தனையோ உயிர்கள் மாண்டன. பகைவரின் கப்பலை நோக்கக் கோபுரம் எழுப்பிய கரையில், அலையின் வரவைச் சொல்ல ஒரு குரல் இல்லாது போயிற்று! இந்து மகா சமுத்திரத்திற்கு எச்சரிக்கை ஏற்பாடு அதன் பின்னரே அமைந்தது. மதிலும் பீரங்கியும் மட்டும் காவலாகா. குடிகளின் உயிரை முதற்பொருளாக எண்ணும் கருத்தே காவல்.

நம் சங்கத்தாருக்குச் சில விண்ணப்பங்கள் செய்துகொள்கிறோம். கடலூர் செல்வோர் தம் பிள்ளைகளுக்கு அச்சிதைவுகளைக் காட்டுக. அங்குள்ள ஒரு செங்கல்லையும் பெயர்க்காது காக்க. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பத்திரங்களையும் ஓலைகளையும் செல்லுக்கு இரையாக்காது சங்கத்தில் காட்டிப் படியெடுத்து வைக்க. முதியோர் சொல்லும் ஊர்க்கதைகளை இளைஞர் எழுதி வைக்க. குண்டு விழுந்த எல்லையைப் பிறர் எழுதி வைத்தனர். அவ்வெல்லைக்குள் வாழ்ந்தோர் கதையை எழுதினாரில்லை. நம் கதைக்கும் அக்கதி நேராதிருக்க வேண்டுமாயின், அதனை நாமே எழுதவேண்டும்.