முந்நூறு பேர் பார்க்க எப்படிக் கேட்பது?

(மாதாந்திரக் கூட்டத்தில் நமது டிரஸ்ட் சார்பில் ஆற்றிய உரை)

 

போன மழைக்காலத்தில் டெங்குவில் படுத்த ஒரு பிள்ளைக்கு பிளேட்லெட் எனும் தட்டணுக்கள் தேவைப்பட்டன. அதை ஐந்து நாளுக்கு மேல் சேமித்து வைப்பது கடினம். ஆகவே கொடுப்பவரைத்தான் தேட வேண்டும். பிள்ளையின் வாப்பா வியாழன் இரவு நமது வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். விடிவதற்குள் ஜும்ஆ முபாரக் படங்கள் குவிந்து அதை மறைத்துவிட்டன. நம் இளைஞர்கள் பார்த்தது மறுநாள் அஸருக்குப் பிறகு. அல்ஹம்துலில்லாஹ், வெளியூர்க்காரர் ஒருவர் கொடுத்து பிள்ளை பிழைத்தது. எங்களுக்குத்தான் வெட்கம்.

உடனே நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று பூட்டினோம். அந்த வசதி 2018 முதலே இருக்கிறது. படங்கள் நின்றன, தேவை உள்ளவர் கேட்கும் வழியும் அடைபட்டது.

பிறகுதான் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. பெண்கள் பலர் குழுவில் இல்லை. எல்லாருக்கும் நம்பர் தெரியுமே என்று தயக்கம். ஒரு பெத்தும்மா, "எனக்குப் படிக்கத் தெரியாது வாப்பா, பேசி அனுப்புங்க" என்றார். மகளின் படிப்புக்கு உதவி தேவைப்பட்ட ஒரு தாயார், "முந்நூறு பேர் பார்க்க எப்படித் தம்பி கேட்பேன்?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. உதவியை மறைவாகக் கொடுக்கத் தெரிந்த நாங்கள், கேட்பவருக்கு ஒரு மறைவான இடம் வைக்கவில்லை.

இப்போது மாற்றியிருக்கிறோம். 2022-இல் வந்த கம்யூனிட்டி வசதியில் பொது அறிவிப்புக்கு ஓர் இடமும் அதன்கீழ் தனித்தனிக் குழுக்களும் வைக்கலாம். அறிவிப்பு மட்டும் பெறுபவரின் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, நிர்வாகிகளுக்குத் தெரியும். ஆகவே நிர்வாகத்தில் சகோதரிகளையும் சேர்த்திருக்கிறோம். அறிவிப்புகளைக் குரலிலும் அனுப்புகிறோம். ரத்தக் குழுவில் கொடுக்க முன்வந்தவர்கள் மட்டும். அங்கே வாழ்த்துப் படம் கிடையாது. வாழ்த்துக்கென்றே ஒரு குழு உண்டு. சிரிக்காதீர்கள், வீட்டிலேயே இருக்கும் பெரியவர்கள் பலருக்கு அதுதான் ஊரோடு உறவு. உதவி கேட்பது எந்தக் குழுவிலும் வராது. அதற்கென உள்ள இருவரில் ஒருவருக்கு நேரே பேசினால் போதும்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் தம்பிகளை மட்டும் இன்னும் கேட்கவில்லை. அவர்களின் வீட்டார் பலர் இங்கே இருக்கிறீர்கள். இன்றிரவு போனில் பேசும்போது கேட்டு வையுங்கள். இன்ஷா அல்லாஹ், நாளை வந்து எழுதிக்கொள்கிறோம்.