நடையா, ஓட்டமா? இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம்



மாலை ஆறரை மணிக்குப் பிடோக் நீர்த்தேக்கத்தின் கரையில் சற்று நேரம் நின்று பார்த்தால் இரண்டு வகையான மனிதர்கள் கண்ணில் படுவார்கள். ஒரு சாரார் கதை பேசிக்கொண்டே நடக்கிறார்கள். அவர்களுக்கு வியர்க்கிறது என்றால் அது வெக்கையால் வந்த வியர்வையே தவிர, நடையால் வந்ததல்ல. இன்னொரு சாரார் முகம் சிவக்க, வாய் பிளந்து ஓடுகிறார்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் நின்று பார்த்தால், நடந்தவர்கள் அப்படியே நடந்துகொண்டிருப்பார்கள். ஓடியவர்களில் பலர் இருக்க மாட்டார்கள். புதிய காலணியோடு வேறு சிலர் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

நடப்பவருக்கு வேகம் போதவில்லை, ஓடுபவருக்கு வேகம் மிஞ்சிவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவே பெரும்பாலோருக்குப் பொருந்தக்கூடிய ஒரு வேகம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

இது ஏதோ பொழுதுபோக்குக்கான கேள்வி அன்று. சிங்கப்பூரின் சுகாதார அமைச்சு 2016ஆம் ஆண்டு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதைத் தேசிய ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வந்திருக்கின்றன. இதை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை எனலாம். மருந்துக் கடையில் இன்சுலினுக்கு வரிசையில் நிற்பவருக்குத் தெரியும், தம் தந்தையும் இப்படித்தான் நின்றார் என்று. உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அதற்கு இன்சுலினின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. ஆனால் தசை உழைக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்பு, பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போ, 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்போ வேண்டும் என்கிறது. கடைத்தொகுதியில் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நடக்கும் நடை இந்தக் கணக்கில் சேருமா என்பது ஐயமே.

அப்படியானால் ஓடிவிடலாமே என்றால், இங்கேதான் ஒரு பழைய அச்சம் குறுக்கே நிற்கிறது. சிங்கப்பூரில் பள்ளிக்கூடம் போனவர் எவருக்கும் 2.4 கிலோமீட்டர் என்ற எண் மறக்காது. உயர்நிலைப் பள்ளியின் நாஃபா சோதனையில் அந்தத் தூரம். ஆண்களுக்குப் பிறகு தேசிய சேவையின் உடலுறுதிச் சோதனையிலும் அதே தூரம். கையில் கடிகாரத்தோடு ஆசிரியர் நிற்க, மாணவர் மூச்சிரைக்க ஓடி முடித்த நினைவு அது. 12 நிமிடத்தில் ஓடி முடித்தவர் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியிருக்கிறார். இன்று நாற்பத்தைந்து வயதில், பத்துப் பதினைந்து கிலோ கூடிய உடம்போடு ஓடத் தொடங்கும்போதும் கால்கள் அந்தப் பழைய வேகத்தையே தேடுகின்றன. உடல் எடை கூடிய பிள்ளைகளுக்கென 1992 முதல் 2007 வரை பள்ளிகளில் ‘டிரிம் அண்ட் ஃபிட்’ என்ற திட்டம் நடந்தது. மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடுதலாக ஓட வேண்டியிருந்தவர்களுக்கு ஓட்டம் என்பது தண்டனையாகவே மனத்தில் தங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகள் இன்று நடுத்தர வயதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். உடற்பயிற்சி மிகவும் தேவைப்படும் வயது அது.

சரி, நடை எங்கே முடிகிறது, ஓட்டம் எங்கே தொடங்குகிறது? வேகத்தை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. நடக்கும்போது ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருக்கும். ஊன்றிய கால் விறைப்பாக நிற்க, உடல் அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது. பழைய சுவர்க் கடிகாரத்தின் ஊசலைத் தலைகீழாக நிறுத்தி ஆட்டினாற்போல. ஓட்டத்தில் முழங்கால் சற்று மடங்கிக்கொடுக்க, குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாண் ரப்பரைப்போல இழுபட்டுத் திரும்பி உடலை உந்துகிறது. அப்போது இரு பாதங்களும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புகின்றன. மிக மெதுவாக ஓடினால் அந்தக் கணம் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

பேருந்து நிறுத்தத்தை நோக்கி விரைபவரைக் கவனித்தால் இந்த மாற்றம் புரியும். நடையை எட்டிப் போடுகிறார், இன்னும் எட்டிப் போடுகிறார், பிறகு தம்மையறியாமலே ஓடத் தொடங்குகிறார். அவர் எந்த முடிவும் எடுக்கவில்லை. உடல் எடுத்துக்கொண்ட முடிவு அது. பெரும்பாலான பெரியவர்களுக்கு மணிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டரில் இது நிகழ்கிறது. குட்டையான கால்கள் உள்ளவர்களுக்குச் சற்று முன்னதாகவே நிகழும். அந்த வேகத்துக்கு மேல் நடப்பது ஓடுவதைவிடக் கடினம். அதற்குக் கீழே ஓடுவது நடப்பதைவிடக் கூடுதல் சக்தியைச் செலவழிக்கும். 

கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. 7 கிலோமீட்டருக்கு மேல்தான் ஓட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்திலும் ஓடலாம். பக்கத்தில் ஒருவர் சாதாரணமாக நடந்துவரும் அதே வேகத்தில், சின்னச் சின்ன அடிகளாக எடுத்து வைத்து ஓடலாம். சக்தி வீணாகிறதே என்றால், ஆம், வீணாகத்தான் செய்கிறது. குடும்பச் செலவில் வீண் கூடாது. உடம்பில் தேங்கிக் கிடக்கும் கொழுப்புக்கு வீண்செலவுதான் வேண்டும்.

இந்த முறையை ஒழுங்குபடுத்திப் பரப்பியவர் ஜப்பானின் ஃபுக்குவோக்கா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஹிரோவாக்கி தனாகா. அதற்கு அவர் வைத்த பெயர் ‘நிக்கோ நிக்கோ’ வேகம். ஜப்பானிய மொழியில் நிக்கோ நிக்கோ என்றால் புன்னகை முகம். புன்னகை மாறாமல் எந்த வேகத்தில் ஓட முடிகிறதோ, அதுவே அவரவருக்கு உரிய வேகம் என்பது அவர் கருத்து. அடிகள் சிறியவை, ஆனால் நிமிடத்துக்கு 180 வரை வரும். அதாவது நொடிக்கு மூன்று. குதிகாலை ஓங்கி ஊன்றாமல் பாதத்தின் முன்பகுதி முதலில் படும்படி மெத்தென்று இறங்க வேண்டும். பார்ப்பதற்குக் குடையில்லாமல் மழையில் வழுக்கும் தரையைக் கடப்பவரைப்போல இருக்கும். கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மெதுவாக ஓடுவது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பன்று. மெதுவோட்டம் என்பதே அப்படித்தான் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஆர்தர் லிடியார்டு என்ற பயிற்றுநர், ஒலிம்பிக் வீரர்களைப் பழக்கிய கையோடு, நடுத்தர வயதுக்காரர்களையும் இதய நோய் கண்டவர்களையும் மெல்ல ஓட வைத்தார். ஓடிக்கொண்டே பேச முடிய வேண்டும் என்பது அங்கு நிலவிய வழக்கம். 1962ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு சென்ற அமெரிக்கப் பயிற்றுநர் பில் பவர்மன் அந்தக் கூட்டத்தோடு ஓடப் போய், எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கினார். பவர்மனுக்கு அப்போது வயது 51. ஊர் திரும்பியவர் ஓரிகன் மாநிலத்தில் பொதுமக்களைத் திரட்டிப் பழக்கினார். ஓர் இதய மருத்துவருடன் சேர்ந்து அவர் எழுதிய ‘ஜாகிங்’ என்ற நூல் 1967இல் பரவலாக விற்றது. நைக்கி நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவரில் ஒருவரும் அவரே. அந்த நிறுவனத்தின் காலணியை அணிந்துகொண்டு இன்று மூச்சுத் திணற ஓடுபவர்களில் எத்தனை பேருக்கு இந்த வரலாறு தெரியுமோ!

மெல்ல ஓடுவதும் முடியாது என்பவர்களுக்கு இன்னொரு வழியும் ஜப்பானிலிருந்தே வந்தது. மட்சுமோட்டோ நகரிலுள்ள ஷின்ஷூ பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நோசே தலைமையில் ஓர் ஆய்வு நடந்து 2007இல் வெளியானது. பங்கேற்ற 246 பேரின் சராசரி வயது 63. ஒரு பிரிவினர் 3 நிமிடம் வேகமாகவும் 3 நிமிடம் மெதுவாகவும் மாறி மாறி நடந்தார்கள். ஒரு நாளைக்கு ஐந்து சுற்று, வாரத்தில் நான்கு நாள், ஐந்து மாதம். இன்னொரு பிரிவினர் ஒரே மிதமான வேகத்தில் நாளுக்கு 8,000 அடிகளுக்குக் குறையாமல் நடந்தார்கள். மாறி மாறி நடந்தவர்களுக்குத் தொடைத் தசையின் வலு கூடியது, மூச்சின் திறன் உயர்ந்தது, இரத்த அழுத்தமும் கூடுதலாகக் குறைந்தது. எத்தனை அடி என்பதோடு எப்படிப்பட்ட அடி என்பதும் முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது. சிங்கப்பூரில் 2015இல் தொடங்கிய தேசிய அடிகள் சவாலுக்காக வீட்டுக் கூடத்தில் கையை ஆட்டி எண்ணிக்கை சேர்த்தவர்கள் இதைக் கேட்டு வருந்தலாம்.

தமக்குரிய வேகத்தை ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது? விலையுயர்ந்த கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம். 400 மீட்டர் ஓடுபாதை ஒன்று போதும். முதல் 10 நிமிடம் சும்மா நடக்க வேண்டும். பிறகு கைகளை மடக்கி, சுற்றுக்கு 4 நிமிடம் ஆகும்படி நடந்து பார்க்கலாம். இது மணிக்கு 6 கிலோமீட்டர். முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால், அதுவே மிதமான உழைப்பு. அதற்கு மேல் முயல வேண்டியதில்லை, அந்த நடையே போதும். நடந்துகொண்டே பாட முடிகிறது என்றால் உடல் இன்னும் கேட்கிறது என்று பொருள். அப்போது நடையை மேலும் எட்டிப் போட்டு இடுப்பையும் கணுக்கால் முன்தசையையும் வருத்திக்கொள்வதைவிட, அடியைக் குறுக்கிக்கொண்டு ஓட்டத்துக்கு மாறுவது நல்லது. மாறும்போது வேகம் கூடக் கூடாது, குறைந்தாலும் குற்றமில்லை. சுற்றுக்கு 4 நிமிடம் 48 நொடி ஆனால் மணிக்கு 5 கிலோமீட்டர். ஒரு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்து, வாரக்கணக்கில் ஓடும் நேரத்தை நீட்டிக்கொண்டே போகலாம். நான்கைந்து சொல்லுக்கு மேல் பேச முடியவில்லை என்றால் வேகம் மிஞ்சிவிட்டது.

எண்ணைவிட மூச்சை நம்பச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இந்த ஊரின் காற்று. ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. சூட்டை வெளியேற்ற இதயம் தோலுக்கு இரத்தத்தைத் திருப்பிவிட வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்குக் கூடுதலாகத் துடிக்கும். காலை ஆறரைக்கு இதமாக இருந்த வேகம் பத்து மணிக்குக் கடுமையாகிவிடும். மேலும், இரத்த அழுத்தத்துக்காகப் பீட்டா புளோக்கர் வகை மருந்து எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. கடிகாரம் ‘இன்னும் வேகமாக’ என்று தூண்டும். அதை நம்பக் கூடாது.

நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பல காலம் உழைப்பின்றி இருந்தவர்களும் இதய நோய் உள்ளவர்களும் தொடங்குமுன்பே பார்ப்பது நன்று. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் சில வகைச் சர்க்கரை மாத்திரைகளை உண்பவர்களுக்கும் நடுவழியில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். சட்டைப் பையில் இனிப்பு இருக்கட்டும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் வீடு திரும்பியதும் காலணியைக் கழற்றிப் பாதத்தின் அடிப்புறத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். கொப்புளம் இருந்தாலும் அவர்களுக்கு வலிக்காது. மூட்டுத் தேய்மானம் கூடுதலாக உள்ளவர்களுக்கு நடையே உத்தமம்.

இன்னொரு நன்மையையும் சொல்லிவிட வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து பூங்காவுக்குக் கிளம்பி, வாயிலைத் தாண்டியதும் பிரிந்துபோவது வழக்கமாகிவிட்டது. அவர் ஓடி மறைந்துவிடுவார், இவர் தனியாக நடந்து வருவார். கடைசியில் கார் நிறுத்துமிடத்தில்தான் சந்திப்பு. மெல்லோட்டம் பழகியவருக்கு அந்தத் தொல்லை இல்லை. மனைவி மணிக்கு ஐந்தரை கிலோமீட்டரில் விரைந்து நடக்க, கணவர் அதே ஐந்தரையில் பக்கத்திலேயே ஓடிவரலாம். இருவர் உடலுக்கும் வேண்டிய உழைப்பு வேறு வேறு; வேகம் ஒன்றுதான். பேச்சுச் சோதனைக்கும் தனியாக ஆள் தேட வேண்டியதில்லை. மகளின் திருமண மண்டபத்துக்கு எத்தனை வெள்ளி முன்பணம் கட்டுவது என்று மனைவி கேட்கும்போது முழு வாக்கியத்தில் பதில் வந்தால் வேகம் சரி.